கரண்ட் போய் 20 நிமிடத்தில் நிற்கும் கம்ப்யூட்டர்: ஓர் ஓவர்கிளாக் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெரம்பூரில் ஒரு வீட்டின் மேல் தளம். மொட்டை மாடிக்கு நேர் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அறை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் அங்கிருந்துதான் தொழில் நடத்துகிறார். 2018-ல் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்: இன்டெல் கோர் ஐ7-8700கே பிராசஸர், இசட்370 மதர்போர்டு, ஒரே ஃபேன் வைத்த டவர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). ரேம் முதலில் 16 ஜிபி. 2021-ல் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டு 32 ஜிபி ஆக்கியிருக்கிறார். நான்கும் 3200 வேக ரேம்தான், ஆனால் இரண்டு வேறு காலத்தில் வாங்கிய இரண்டு ஜோடிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2022 டிசம்பரில் அவருடைய அக்கா மகன், பொறியியல் கல்லூரி மாணவர், விடுமுறையில் வந்தபோது பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதாவது தயாரிப்பாளர் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட வைத்து, கொடுத்தார். எல்லா கோர்களும் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) 5.0 ஜிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.30. ரேமை அதன் 3200 வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பையும் அதே நாளில் போட்டுவிட்டார். ஒரு விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் நன்றாகவே ஓடியது. அந்தப் பையன் செய்ததில் கவனக்குறைவு என்று நான் எதையும் சொல்ல மாட்டேன். டிசம்பரில் அந்த அறையில் அது நிஜமாகவே நிலையாகத்தான் இருந்தது.

மார்ச் கடைசியில் தொல்லை ஆரம்பித்தது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது புளூ ஸ்கிரீன் வந்து கம்ப்யூட்டர் நின்றுவிடும். சில நாள் எடிட்டிங் மென்பொருள் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். ஃபோனில் கேட்டபோது அக்கா மகன் வோல்டேஜை ஏற்றச் சொன்னார். 1.33 ஆனது. ஒரு வாரம் சரியாக இருந்தது. மறுபடி வந்ததும் 1.36 ஆக்கி, சுமை ஏறும்போது வோல்டேஜ் தாழாமல் பிடிக்கும் லோட் லைன் கேலிபரேஷனையும் உச்சத்தில் வைத்தார்கள். 2023 மே மூன்றாம் வாரம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, ஒரு நண்பர் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள்: கேட்டதும் பார்த்ததும்

"சார், கரண்ட் போனா சரியா இருபது நிமிஷத்துல நின்னுடுது. இன்வெர்ட்டர்லதான் கோளாறு. ஆனா இன்வெர்ட்டர்காரர் வந்து பார்த்துட்டு நல்லாதான் இருக்குங்கறார்." அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்.

அந்த வாரக் கடைசிக்குள் ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவையும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே முதல் வேலையாக, நடப்பு வேலைகள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்தேன். சரியான எண்ணம், தவறான வரிசை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு இந்த வேக, வோல்டேஜ் அமைப்புகள் இருக்கும் பயாஸின் பக்கங்கள் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் பிடித்தேன். எதை அழித்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். அடுத்து, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர். அங்கே டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் எண் 19 பதிவுகள் வரிசையாக இருந்தன. பிராசஸருக்குள் ஒரு பிழை நேர்ந்து அது தானாகவே திருத்தப்பட்டது என்பதற்கான பதிவு அது. திருத்த முடியாத அளவுக்குப் போனால்தான் 124 என்ற எண்ணில் முடியும் புளூ ஸ்கிரீன் வரும். முதல் புளூ ஸ்கிரீனுக்கு பத்து நாள் முன்பிருந்தே இந்த 19 பதிவுகள் ஆரம்பித்திருந்தன. கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நேரத்தைப் பார்த்தால், பெரும்பாலானவை பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில். இதைக் குறித்துக்கொண்டேன், ஆனால் அன்று அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

எஸ்எம்பிஎஸ் மேல் போன சந்தேகம்

கரண்ட் போனால் நிற்கிறது என்றால் மின்சாரப் பக்கம்தானே பார்ப்போம்? நானும் அப்படித்தான் போனேன். அதற்குக் காரணமும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர்களில் பழையவை சுத்தமான சைன் அலை கொடுக்காமல் சதுர அலை கொடுப்பவை. இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும், உள்ளே வரும் மின்னோட்டத்தைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்குச் சதுர அலை சில நேரம் ஒத்துவராது. அவருடைய இன்வெர்ட்டர் பழையது. பொருந்திப்போனது.

வேறொரு எஸ்எம்பிஎஸ் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் மதியம் கரண்ட் போனது, கம்ப்யூட்டர் நின்றது. ஒரு நாள் வீண். அவருக்கு இருந்த நெருக்கடியில் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மின்சாரக் கோளாறு என்றால் கரண்ட் மாறும் அந்த நொடியில் நிற்க வேண்டும். ஏன் 20 நிமிடம் பொறுத்து நிற்கிறது? கரண்ட் போன 20 நிமிடத்தில் அந்த அறையில் வேறு என்ன மாறுகிறது?

ஏசி. இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரையும் ஒரு லைட்டையும் மின்விசிறியையும்தான் தாங்கும். கரண்ட் போனதும் ஏசி நிற்கும். மேலே வெயிலில் காய்ந்த தளம். அறை சூடேற 20 நிமிடம் போதும்.

ஏசியை அணைத்துப் பார்த்தது

ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனை போதும் என்று முடிவு செய்தேன். இரண்டிலும் அவருடைய பயாஸ் அமைப்பு அப்படியே. அவருடைய சொந்த எஸ்எம்பிஎஸ்ஸே திரும்ப மாட்டியாகிவிட்டது.

முதலாவது, விடியற்காலை 5 மணி. அறை குளிர்ந்திருக்கும் நேரம். மெயின் சுவிட்சை அணைத்து, முழுக்க இன்வெர்ட்டரில் ரெண்டர் ஓட்டினோம். 40 நிமிடம் ஓடியது, நிற்கவில்லை.

இரண்டாவது, மதியம் 2 மணி. மெயின் கரண்ட் இருக்கிறது, இன்வெர்ட்டருக்கு வேலையே இல்லை. ஏசியை மட்டும் அணைத்தோம். அதே ரெண்டர். அறை வெப்பமானியில் 27 டிகிரியில் தொடங்கியது 35 வரை ஏறியது. 22-வது நிமிடத்தில் புளூ ஸ்கிரீன். அதற்கு முந்தைய சில நிமிடங்களாகவே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, வெப்பம் காட்டும் மென்பொருளில் கோர் வெப்பம் 98க்கும் 100க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பிராசஸரின் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். கோளாறு சரியாகவில்லை, ஆனால் அது பேயில்லை என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கேபினெட்டை மர டேபிளின் கீழறைக்குள், கதவு சாத்தி வைத்திருந்தார். தூசிக்குப் பயந்து செய்தது. ஒரு மணி நேர ரெண்டருக்குப் பிறகு அந்தக் கீழறைக்குள் வெப்பமானியை வைத்தால் 43 டிகிரி. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க முடியாது. இந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சென்னையின் வெயிலோடு இன்னொரு 8 டிகிரியை அந்த மரக்கதவு சேர்த்திருந்தது.

மூடிக்கொள்ளும் மென்பொருள்

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. எடிட்டிங் மென்பொருள் தானாக மூடிக்கொள்வது ராத்திரியிலும் நடந்திருக்கிறது, ஏசி ஓடும்போதும் நடந்திருக்கிறது. அந்த நேரங்களில் ஈவென்ட் வியூவரில் 19 பதிவே இல்லை. வெப்பத்தைக் காட்டி இதை விளக்க முடியாது.

இனி எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏற்றுவது என்று முடிவெடுத்தேன். பயாஸை முழுக்க டீஃபால்ட் நிலைக்குக் கொண்டுவந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. பல மதர்போர்டுகளில் டீஃபால்ட் என்பதே இன்டெல் சொல்லும் டீஃபால்ட் இல்லை. மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கும். ஒரு கோருக்கு மட்டும் சொல்லப்பட்ட 4.7 ஜிகாஹெர்ட்ஸை அது எல்லாக் கோர்களுக்கும் கொடுத்துவிடும். அதை அணைத்தால்தான் ஆறு கோரும் சேர்ந்து ஓடும்போது 4.3 என்ற உண்மையான நிலை வரும். அப்படி வைத்து, எக்ஸ்எம்பியும் இல்லாமல், இரண்டு நாள் அவருடைய வேலையை ஓட்டினோம். ஒரு தொல்லையும் இல்லை. ஏசி அணைத்தும் பார்த்தோம், நிற்கவில்லை. பாகம் எதுவும் பழுதாகவில்லை என்பது உறுதியானது. அவசரக் கல்யாண வீடியோவும் அந்த இரண்டு நாளில் முடிந்து கைமாறியது.

அப்புறம் பிராசஸரைத் தொடாமல் எக்ஸ்எம்பியை மட்டும் போட்டு, ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். காலையில் பார்த்தால் இரண்டாவது சுற்றிலேயே பிழைகள். 2018 ஜோடியை மட்டும் வைத்து ஓட்டினால் நான்கு சுற்றும் சுத்தம். 2021 ஜோடி மட்டும், அதுவும் சுத்தம். நான்கும் சேர்ந்தால் மட்டும் பிழை.

ரேம் கெட்டுப்போகவில்லை. எக்ஸ்எம்பி என்பது அந்த ஒரு ஜோடிக்குத் தயாரிப்பாளர் சோதித்துத் தரும் உறுதி. இரண்டு ஜோடியைக் கலந்தால் அந்த உறுதி இல்லை. இந்தப் பிராசஸருக்கு இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 2666தான். அதற்கு மேல் போவதும் ஓவர்கிளாக்கே. ரேமைக் கையாளும் சுற்று பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. நான்கு ரேமை 3200-ல் ஓட்டும் சுமை முழுக்க அதன் தலையில்தான் விழுகிறது.

ஆக, டிசம்பரில் ஒரே நாளில் இரண்டு ஓவர்கிளாக் நடந்திருக்கிறது. ஒன்று வெயிலில் வெளிப்பட்டது. இன்னொன்று எப்போதாவது வெளிப்பட்டது. இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணி, இரண்டுக்கும் கோர் வோல்டேஜ் என்ற ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரேம் வோல்டேஜை ஏற்றி 3200-ஐயே தக்கவைக்கப் பார்த்திருக்கலாம். நான் 2933-க்கு இறக்கினேன். ராத்திரி நான்கு சுற்று, அடுத்த நாள் ஏசி இல்லாமல் மதியம் மறுபடி. இரண்டும் சுத்தம். அவருடைய ரெண்டர் நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

வோல்டேஜ் ஏற்றியது ஏன் உதவவில்லை

இது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிராசஸர் வேலை செய்யும்போது வெளிவிடும் வெப்பம், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். நான் கடைசியில் வைத்த 4.7 ஜிகாஹெர்ட்ஸ், 1.22 வோல்ட் என்பதோடு 5.0 ஜிகாஹெர்ட்ஸ், 1.36 வோல்ட்டை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் கூடுவது சுமார் 6 சதவீதம். வெப்பம் கூடுவது சுமார் 32 சதவீதம். சூடேறச் சூடேறக் கசிவு மின்னோட்டமும் கூடும், அது இன்னும் சூட்டைக் கொடுக்கும். மேலும், சிலிக்கான் சூடானால் அதே வேகத்தை நிலையாக ஓட்ட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். வோல்டேஜ் கொடுத்தால் சூடு, சூடானால் வோல்டேஜ். குளிர்ந்த அறையில் 1.33 ஒரு வாரம் உதவியதும், வெயில் ஏறியதும் 1.36 கூடப் போதாமல் போனதும் இதனால்தான்.

இந்தத் தலைமுறைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 8700கே-யில் சில்லுக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே இருப்பது சாலிடர் இல்லை, தெர்மல் பேஸ்ட். மூடியின் மேல் நாம் எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் உள்ளே அந்தப் பேஸ்ட் ஒரு தடைதான். மூடியைப் பெயர்த்து மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். நான் தொடவில்லை. ஒருவர் சோறு போடும் கம்ப்யூட்டரில் அந்தப் பரீட்சை தேவையில்லை.

லோட் லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைத்ததும் கெடுதல்தான். சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் தாழ்வது இயல்பு, வடிவமைப்பே அப்படி. அந்தத் தாழ்வை முற்றாக அழிக்கப் போனால், சுமை சட்டென்று மாறும் கணங்களில் வோல்டேஜ் மேலும் கீழும் துள்ளும். மென்பொருள் காட்டும் எண்ணில் அந்தத் துள்ளல் தெரியாது. நடுமட்டத்துக்கு இறக்கினேன்.

டிசம்பர் சோதனை ஏன் இதைக் காட்டவில்லை? அந்த விளையாட்டு ஆறு கோர்களையும் முழுக்கப் பிழியவில்லை. வீடியோ என்கோடிங் பிழியும், அதுவும் ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை வைத்து. அந்தக் கட்டளைகள் ஓடும்போது அதே வேகத்தில் பிராசஸர் அதிகச் சூடாகும். விளையாட்டில் தேறியது ரெண்டரில் தேற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எடுத்த முடிவு

முதலில் பணம் செலவில்லாதவை. கேபினெட் மரப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது, முன்பக்க வலையில் பஞ்சு போல அடைத்திருந்த தூசி போனது, பிராசஸர் மூடிக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்துபோயிருந்த பேஸ்ட் மாற்றப்பட்டது. இவை மட்டுமே கோர் வெப்பத்தை 11 டிகிரி இறக்கின.

பிறகு வழக்கமான முறையைத் தலைகீழாக்கினேன். வேகத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு வோல்டேஜ் தேடாமல், ஏசி இல்லாத மே மதியத்தில் ரெண்டரின்போது 85 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று முதலில் வைத்தேன். அதற்குள் எந்த வேகம் அடங்குகிறது என்று தேடினேன். ஒவ்வொரு படியிலும் பிராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 ஒரு மணி நேரம், அப்புறம் அவருடைய உண்மையான ரெண்டர், எல்லாம் மதியம் 1 மணிக்கு மேல், ஏசி அணைத்து.

4.8, 1.27 வோல்டில் பிரைம்95 தேறியது. இரண்டாம் நாள் மதியம் ஒரே ஒரு 19 பதிவு வந்தது. ஒன்றுதானே என்று விட மனமில்லை. 4.7, 1.22-ல் மூன்று மதியம் ஓட்டியும் ஒரு பதிவும் இல்லை, ரெண்டரில் உச்ச வெப்பம் 83.

அக்கா மகன் ஃபோனில் கேட்டார்: "சார், 4.9 வெச்சு ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2 போடலாமே?" நல்ல கேள்வி. ஆனால் மாமாவின் வேலை நாள் முழுக்க ஏவிஎக்ஸ் ஓடும் ரெண்டர். ஆஃப்செட் 2 போட்டால் ஏவிஎக்ஸ் ஓடும்போது வேகம் 0.2 குறையும், ஆக அது ஓடப்போவது 4.7-ல்தான். மற்ற நேரத்தில் 4.9 அவருக்கு எதற்கு? அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றை வைத்து ஒப்பிட்டோம். 5.0-ல், ஏசியோடு, நிற்காமல் ஓடியபோது 52 நிமிடம். 4.7-ல் 55 நிமிடம், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். லிக்விட் கூலர் வாங்கவும் அவர் தயாராக இருந்தார். மூன்று நிமிடத்துக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றேன்.

பிறகு நடந்தது

கம்ப்யூட்டர் சரியானது. ஆனால் ரேமில் பிழை இருந்தது என்று தெரிந்த கணத்திலிருந்து என் மனதில் வேறொரு கவலை. கேமராவின் மெமரி கார்டிலிருந்து டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டால், புரண்டதுதான் டிஸ்கில் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

முதல் நாள் நான் எடுத்த காப்பியை நிலையான அமைப்பில் மூலக்கோப்புகளோடு ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். மூன்று கோப்புகள் பொருந்தவில்லை. மூலம் டிஸ்கில் இருந்ததால் திரும்ப எடுத்துவிட்டேன்.

திரும்ப எடுக்க முடியாதவையும் இருந்தன. ஏப்ரலில் நடந்த ஒரு கல்யாணத்தின் ரிசப்ஷன் காட்சிகளில் நான்கு கிளிப்புகள் நடுவில் உடைந்திருந்தன. அந்த மெமரி கார்டுகள் அடுத்த கல்யாணத்துக்காக ஃபார்மேட் செய்யப்பட்டுவிட்டன. முகூர்த்தம் முழுசாக இருந்தது. மேடையில் பெண்ணின் தாத்தா பாட்டி வந்து ஆசீர்வதித்த பகுதி போய்விட்டது. புகைப்படக்காரரின் படங்களை வைத்து அந்த இடத்தை ஒட்டினார். அந்த வீட்டாரிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டும் வந்தார். அவர் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2024 மே மாதம் ஒரு மதியம், கத்திரி நடந்துகொண்டிருந்தபோது, நானே கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஏசியை அணைத்து ரெண்டர் ஓட்டினோம். 84 டிகிரி. ஒரு வருட ஈவென்ட் வியூவரில் 19 பதிவு ஒன்றுகூட இல்லை.

இனி மாற்றிச் செய்வது

நிலையற்ற கம்ப்யூட்டரில் காப்பி எடுப்பதற்கு முன் பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவேன். மூலம் அழிந்திருந்தால் என் காப்பியின் அந்த மூன்று கோப்புகளும் நிரந்தரமாகப் போயிருக்கும். காப்பி முடிந்ததும் ஹாஷ் ஒப்பீடு, அது சரியாக வந்த பிறகே கார்டு ஃபார்மேட். அவரும் இப்போது அப்படித்தான் செய்கிறார், அதற்காக இரண்டு கார்டுகள் கூடுதலாக வாங்கியிருக்கிறார்.

வாடிக்கையாளர் "இது போனா அது நிக்குது" என்று சொன்னால், நடுவில் எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்பேன். 20 நிமிடம் என்பதை அவர் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றும் அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

டிசம்பரிலோ ஜனவரியிலோ யாராவது ஓவர்கிளாக் கேட்டால், அறையை மூடி ஏசி இல்லாமல் சோதித்து, கிடைத்த எல்லையிலிருந்து இன்னும் ஒரு படி இறக்கியே கொடுக்கிறேன். மேயில் மறுபடி ஒரு மதியம் வருவேன் என்றும் அப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா மகன் இப்போது வேலைக்குப் போய்விட்டார். ரேமை ஒரு நாளும் பிராசஸரை இன்னொரு நாளும் தனித்தனியாகச் சோதிக்கும் அட்டவணை ஒன்றைத் தயார் செய்து போன மாதம் எனக்கு அனுப்பினார். அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.